ஜன்னலில் கட்டிய தையல் மிஷின்

சங்கரன்கோவிலில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு ஜமீலாக்கா நைட்டி தைப்பவர். கரண்ட் போனால் கனத்த மிதிமிஷினை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து இழுத்து அவருக்கு இடுப்பு வலி. பார்க்க மனசு கேட்கவில்லை. நான்கு இரும்புக் கிண்ணங்களைக் கடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பால்ரஸ் குண்டை உருளும்படி அமர்த்தி, மிஷின் கால்களில் மாட்டினேன். ஒற்றை விரலால் தள்ள, எந்தப் பக்கமும் ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்துச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனேன். மிஷினின் கால்கள் மிஞ்சிய நைட்டித் துணியால் ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. மிதிக்க மிதிக்க அது நகர்ந்து போயிருக்கிறது. இந்த மடையனுக்கு அது தோன்றவே இல்லை.

"ஏன்க்கா சொல்லல?"

"ஆசையா செஞ்சு தந்திருக்கே, அதைப் போயி குறை சொல்லுததா? நல்லாத்தான் ஓடுது தம்பி. அதான் கட்டிப் போட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

அன்றே, திருகினால் தரையில் ஊன்றி நிற்கும் போல்ட் இரண்டு வைத்துக் கொடுத்தேன். துணியை நான்தான் அவிழ்த்தேன். குண்டுகளைக் கழற்றி எறிய அவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் எதிரே இருக்கும் நான் பார்த்து மனம் வாடுவேனே என்று, அத்தனை முடிச்சு போட்டிருந்தார்.