சர்க்கரைப் போட்டி பார்த்த மாதங்கள்

மூன்றாவது தடவையாக நான் கர்ப்பமானபோது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். முந்தைய இரண்டும் தங்கவில்லை. குளியலறைக்குப் போவதைத் தவிர கால் தரையில் படக்கூடாது. கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். காங்கேயத்துக்கு வெளியே, எங்கள் தேங்காய்க் களத்தை ஒட்டிய வீட்டில், தலை தாழ்ந்தும் கால் உயர்ந்துமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காலேஜுக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தவள்; கல்யாணத்துக்குப் பிறகும் களத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தவள். படுத்த சில நாளிலேயே கெண்டைக்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் துடிக்க ஆரம்பித்தன. ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு கடுத்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. வெளியே தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டபடி இருக்கும். காயவைத்த தேங்காய்ப் பருப்புக்குக் கந்தகப் புகை போடும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அந்தப் பொழுதுகளில் சுவரைக் கையால் தட்டிக்கொண்டே கிடப்பேன்.

என் கணவர் கூடத்தில் இருந்த டிவியைத் தூக்கி வந்து கட்டிலுக்கு எதிரே வைத்தார். எங்கள் ரோட்டுக்குக் கேபிள் வந்த புதிது. தமிழ்ச் சேனல்களில் மத்தியானத்துக்கு மேல் அழுகைதான். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பொத்தானை அமுக்கிக்கொண்டே போனதில் ஒரு வெளிநாட்டுச் சேனலில் போய் நின்றேன்.

பெரிய மண்டபம் ஒன்றில் வரிசையாக அடுப்புகள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, சலவைக்கல் மேல் ஊற்றி, கையுறையோடு இழுத்து இழுத்து மடித்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்த பாகு பட்டுத்துணி மாதிரி மின்னியது. ஒருத்தர் அதில் ஓர் உருண்டையைக் கிள்ளி, சின்னக் குழாயைச் செருகி, பம்பால் காற்றடித்தார். அது ஊதிக்கொண்டே போய் பேரிக்காயானது. கேக்கு, சாக்லேட், ரொட்டி என்று ஒவ்வொரு வாரமும் போட்டி மாறினாலும் நான் காத்திருந்தது சர்க்கரைக்குத்தான். எல்லாம் முடிந்ததும், ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தச் சர்க்கரைச் சிற்பத்தை அவர்களே தூக்கிக்கொண்டு மண்டபத்தின் மறுகோடியில் இருக்கும் மேசைக்கு நடக்கவேண்டும். அந்த நடையின்போது மட்டும் என் கால்கள் துடிக்காமல் இருந்தன.

அத்தை, அதாவது என் மாமியார், வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார். பேச மாட்டார். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் என்னைக் குறை சொன்னதும் இல்லை, தேற்றியதும் இல்லை. ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. ஒருநாள் மோர் டம்ளரோடு வந்தவர் வாசப்படியிலேயே நின்று டிவியைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அதைய எதுக்கு அத்தனை தூரம் தூக்கிட்டுப் போறாங்க? செஞ்ச எடத்துலயே வெச்சுப்போட்டா ஆகாதா?"

அதுதான் போட்டி விதி என்றேன். இது என்ன விதி என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுவாரம் அதே நேரத்துக்கு முக்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். புரிந்ததைச் சொல்வேன், புரியாததை இட்டுக்கட்டுவேன். அத்தைக்கு எல்லாவற்றுக்கும் விவரம் வேண்டும். இவ்வளவு சர்க்கரையையும் கடைசியில் யார் தின்பார்கள், எறும்பு வராதா, தோற்றவர்களுக்குச் சாப்பாடு உண்டா. ஒல்லியான ஒரு பெண் சுற்றுக்குச் சுற்று ஜெயித்து வந்தாள். அவள் எதைச் செய்தாலும் அதில் ஒரு பறவை இருக்கும். அத்தை அவளுக்குக் குருவிக்காரி என்று பேர் வைத்தார். அவளுக்குக் குழந்தை இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். அதன் பிறகு அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

கடைசிச் சுற்று வந்தபோது எனக்கு ஏழாவது மாதம். குருவிக்காரி கொடி கொடியாக இழைத்து, உச்சியில் சிறகு விரித்த ஒரு நீலப் பறவையை நெருப்புக்காட்டி ஒட்டினாள். பிறகு தூக்கினாள். அத்தை முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதி தூரம் வந்திருப்பாள். மேலே இருந்த பறவை லேசாக ஆடியது. அடுத்த நொடி கொடியெல்லாம் சரிந்து, மொத்தமும் தரையில் விழுந்து நொறுங்கியது.

அத்தை எழுந்து போய் டிவியை அணைத்தார்.

அவர் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. "போடுங்க அத்தை" என்றேன். வேண்டாம் என்றார். கெட்டதைப் பார்க்கிற நேரமா இது என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவள் அடுத்து என்ன செய்தாள் என்று தெரியாமல் என்னால் அந்தக் கட்டிலில் இன்னொரு ராத்திரி படுத்திருக்க முடியாது என்று தோன்றியது. இரண்டு கையையும் ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

"உழுந்தது உழுந்துபோச்சு. அவ அப்பறம் என்ன பண்ணுனான்னு நான் பாக்கோணுங்க அத்தை. நீங்க போடாட்டி நானே வந்து போட்டுக்கறேன்."

காலைத் தொங்கவிட்டேன். விரல் நுனி தரையைத் தொடும் முன்பே அவர் திரும்பி, பதறிப்போய் டிவியைப் போட்டார். சோப்பு விளம்பரம் ஓடியது. அது முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. அத்தை என் இரண்டு காலையும் எடுத்து மறுபடி மேலே வைத்தார். பிறகு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் அத்தை செய்த காரியத்தை என் கணவர்தான் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். கேபிள்காரர் கடைக்கு வெயிலில் நடந்தே போய், சர்க்கரைப் போட்டி மறுபடி எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். அந்தச் சேனலை யாருமே பார்ப்பதில்லை, அதை எடுத்துவிட்டு வேறு போடப் போகிறேன் என்றாராம் கேபிள்காரர். சேனலை எடுத்தால் எங்கள் களத்து மரத்தில் கட்டியிருக்கும் உன் ஒயரையும் எடுத்துக்கொள் என்று அத்தை சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறு ஒளிபரப்பு வந்தது. இந்தத் தடவை விழும்போது இரண்டு பேருமே கண்ணை மூடவில்லை. குருவிக்காரி கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். பிறகு மண்டியிட்டு, துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். அழவில்லை, அழுதிருந்தாலும் கேமரா காட்டவில்லை. நடுவர்கள் வந்து கைகொடுத்தார்கள். பரிசு வேறொருவருக்குப் போனது. கடைசியில் அவள் மைக்கில் பேசியது ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. என்ன சொல்கிறாள் என்று அத்தை கேட்டார். இட்டுக்கட்ட மனசு வரவில்லை. புரியவில்லை என்று சொன்னேன்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"போன தடவ உன்னைய ஆஸ்பத்திரில இருந்து கூட்டியாந்தப்ப எனக்கும் என்ன பேசறதுன்னு தெரியல அம்மணி. அதான் பேசாம இருந்துட்டேன்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் போகவில்லை. முக்காலி நகரும் சத்தம் கேட்கவே இல்லை.

எட்டாம் மாதம் முடிவதற்குள் வலி எடுத்து, கோயமுத்தூருக்குக் காரில் போனோம். பெண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தாள், இப்போதும் நன்றாக இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னால் உட்காரவே முடியவில்லை. பால் கொடுக்கும் நேரம் போக, வலுவிழந்த காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பிறகு களத்துக்கு. வெயிலில் காய்கிற பருப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குழந்தை பார்க்க வந்த சொந்தக்காரர்கள், பிள்ளை பெற்றவள் இப்படித் திரியலாமா என்று அத்தையிடம் குறைபட்டார்கள். நான் களத்து ஓரத்தில் நின்றிருந்தேன். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்கள்.

"நடக்கட்டும் உடுங்க" என்றார் அத்தை. "நெம்ப நாளாப் படுத்துக் கெடந்தா."