பெரிய திரையில் ஒரு சந்து

கண்ணாடி போட்டும் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்ததால், கழக்கூட்டம் என்ற ஊரில் உள்ள என் அலுவலக வேலைக்கென்று பதினெட்டு அங்குலத் திரை கொண்ட கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கும் மகள் அதில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். முதலில் எனக்கென்று ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யோசிக்காமல் தாடிக்காரன் ஒருவனை எடுத்தேன்.

“அதென்னம்மா, ஆணை எடுத்துட்டே?” என்று மகள் சிரித்தாள்.

“தெரியல்லையே,” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அவனாக ஊரெல்லாம் சுற்றினேன். விளக்கில்லாத ஒரு சந்துக்குள் விறுவிறுவென்று நுழைந்து மறுபக்கம் வந்தேன்.

அடுத்த வாரம் என் வயதுப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அதே ஊரில் நடந்தேன். அந்தச் சந்தின் முனைக்கு வந்ததும் விரல் தானாக நின்றுவிட்டது.

“கேறிப் போம்மா, அங்கே ஆரும் இல்லல்லோ,” என்றாள் மகள்.

“தெரியும். போன வாரம் போனேனே.”

தெரிந்தும், திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் அந்தத் திரைப் பெண்ணை நடத்திக்கொண்டு போனேன்.

“ரோட்டிலயும் இப்படித்தான் போவியா?” என்று மகள் கேட்டாள்.

மாலையில் பால் வாங்கப் போனபோது என்னையே கவனித்தேன். தெரு காலியாக இருந்தது. ஆனாலும் கைப்பையை மார்போடு அணைத்தபடிதான் நடந்துகொண்டிருந்தேன்.