இடப்பக்கம் இன்று

கடலடிச் சேற்றைப் படிப்பது என் வேலை. துருவக் கடலில் நீளமான குழாயை இறக்கிச் சேற்றைத் தூண் போல எடுத்து வருவார்கள். மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. அதில் கிடக்கும் நுண்ணிய உயிர்களின் ஓடுகளை வைத்து, அவை வாழ்ந்த காலத்தில் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லலாம். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு வெட்டப் போகிறவளின் மகள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. மறைத்துக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

அதுவரை யாரோ எடுத்துவந்த சேற்றில்தான் வேலை செய்துவந்தேன். இந்த முறை சேறு எடுக்கப் போகும் கப்பலிலேயே ஓர் இடம் இருந்தது. சிதம்பரத்தில் நடக்கும் துருவ ஆய்வுக் கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டுவிட்டுத் தேர்வுக் குழு முடிவு செய்யும். குழு சரி என்றாலும் அம்மாவும் சரி என்று சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு வீட்டில் அவள் சொல்தான்.

"மாசக்கணக்குல பொம்பளப் புள்ளைய கப்பல்ல அனுப்ப முடியாது" என்றாள் முதலில். பிறகு கொஞ்சம் இறங்கிவந்தாள். "நீ எதுக்குப் போறேன்னு எனக்கு வெளங்கட்டும். அப்பறம் சொல்றேன்."

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவளையும் மாமாவையும் உட்காரவைத்து லேப்டாப்பில் கடல் சூட்டைக் காட்டும் கோட்டுப் படத்தைத் திறந்தேன். மாமா அம்மாவின் தம்பி. என்னைக் கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"கோடு மேல இருந்தா சூடு ஜாஸ்தி, கீழ வந்தா கம்மி. அவ்ளோதாம்மா."

அம்மா விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனாள், இடமிருந்து வலமாக. டிவியில் தங்கம் விலைப் படம் அப்படித்தானே ஓடும். "எறங்கிக்கினே போவுதே. குளுந்துடுச்சின்னா நல்லதுதான? நீ எதுக்குப் போற?"

"அக்கா, அவ ஊர் சுத்தப் போறா" என்றார் மாமா. "நம்ம தெருவுலயே ஐஸ் வண்டி வருது. ஐஸப் பாக்க அவ்ளோ தூரம் போவணுமாம்."

"மாமா, நீங்க சும்மா இருங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் துறையில் பலரும் இன்றைய நாளை இடப்பக்க ஓரத்தில் வைத்துத்தான் வரைவார்கள். வலப்பக்கம் போகப் போகப் பழசு. சேற்றுத் தூணில் மேல்பகுதி முதலில் வருகிறது. படத்திலும் அதுவே முதலில் வரும். வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தலைகீழ் என்றே தோன்றியதில்லை. சூடாகிக்கொண்டே வந்த கடலை அம்மாவுக்கு நான் குளிரவைத்துக் காட்டியிருந்தேன்.

படத்தைத் திருப்பிப் போட்டேன். என் ஆய்வு நெறியாளர் பார்த்துவிட்டு, "குழுவுல குழம்புவாங்கம்மா" என்றார்.

"எங்கம்மா வர்றாங்க மேடம்."

கொஞ்சம் யோசித்தார். "சரி. இன்றுன்னு பெருசா எழுதிப் போடு."

கூட்டத்தின் கடைசி நாள் பேச்சுகள் மட்டும் தமிழில். ஊர்க்காரர்களும் வரலாம். அம்மா பட்டுப்புடவையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளம் வடிந்த பிறகு பெண்ணையாற்றுக் கரை வயல்களில் வண்டல் படிவதைச் சொல்லி ஆரம்பித்தேன். அதையே கடலுக்கடியில், கலைக்க யாரும் இல்லாமல், அடுக்கடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முடித்ததும் குழுவில் இருந்த மூத்த விஞ்ஞானி கை தூக்கினார். முகம் சுளித்திருந்தது. "ஒரு சந்தேகம். உங்க படப்படி இன்னைக்குக் கடல் குளிர்ந்திருக்கே. எல்லாரும் வேற மாதிரி சொல்றாங்களே?"

அம்மாவின் விரல் போன வழிக்கு நேர் எதிராக அவர் கண் போயிருந்தது. நான் திரை அருகே போய் வலது ஓரத்தில் கை வைத்தேன். "சார், இன்னைக்கு இங்க இருக்கு. திருப்பிப் போட்டிருக்கேன். எங்க வீட்ல இப்படிக் காட்டினாத்தான் புரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "அட, எழுதியே இருக்கீங்களேம்மா!" என்று சத்தமாகச் சிரித்தார். அரங்கமும் சிரித்தது. எனக்குப் பயம் விட்டது. அடுத்த கேள்வி நிஜமான கேள்வி. "நடுவுல கோடு விட்டுப்போயிருக்கே, ஏன் சேர்க்கல?"

"அந்த எடத்துச் சேறு குழாயிலேர்ந்து நழுவிடுச்சு சார். அங்க என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி வரையறது? மறுபடி போய்த்தான் எடுக்கணும்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "குழுவுக்குச் சம்மதம். வீட்ல கேட்டுட்டு நாளைக்குள்ள சொல்லு. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அம்மாவிடம் சொன்னேன். "பஸ்ஸு வந்துடுச்சி பாரு" என்றாள். அவ்வளவுதான். கடலூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு. ஜன்னலோரம் நான், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள். புதுச்சத்திரம் வரைக்கும் அம்மா ஜன்னல் வழியே வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கூடைக்கார அம்மாள்தான் பேச்சை ஆரம்பித்தாள். "பட்டுப்பொடவ கட்டிக்கினு எங்க போயிட்டு வர்றீங்க? கல்யாணமா?"

"எம் பொண்ணு மீட்டிங்ல பேசனா. கேக்கப் போனேன்."

"என்னா படிக்குது?"

"சேறு."

"சேறா?"

"ஆமா. கப்பல்ல போயி எடுத்தாரப் போறா."

"ஏன், நம்ம ஊர்ல இல்லாத சேறா?"

"நம்முளுது போன வெள்ளத்துல வந்தது. அது ரொம்பப் பழசு. நடுவுல கொஞ்சம் அந்து போயிருக்குது. இவதான் போய்ப் பாக்கணும்."

என் பக்கம் திரும்பாமலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"மேடத்துக்கு."

"என்னான்னு?"

"நீ போகச் சொல்லிட்டேன்னு."

"நான் எப்பச் சொன்னேன்?" என்றாள். கூடைக்கார அம்மாள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.