சடையண்ணன் அரைஞாணில் கட்டியிருந்த இரும்புப் பின்

காலையில் கடையைத் திறந்து மிளகு மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். வாழவந்தி பஸ்ஸின் கண்டக்டர் டீ கூடக் குடிக்காமல் நேரே என்னிடம் வந்து, "ஏனுங்கக்கா, விசயம் தெரியுங்களா? சடையண்ணன் போயிட்டாருங்க" என்றார். தராசை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷட்டரைப் பக்கத்துக் கடைக்காரர்தான் இறக்கினார்.

அன்று நான் அழுததை வாழவந்தியில் எல்லோரும் பார்த்தீர்கள். கூடப் பிறந்தவர் போனதுபோல அழுதேன். இப்போது அதை நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் எழுத என்னால் ஆகாது.

மலைக்கிராமங்களில் விளையும் மிளகையும் காப்பிக்கொட்டையையும் வாங்கி விற்பது எங்கள் குடும்பத்துத் தொழில். மழைக்காலத்தில் வாழவந்திக்கு மேலே போகும் மண்பாதையில் ஜீப் ஏறாது. சரக்கு அங்கேயே கிடந்து பூசணம் பிடிக்கும். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லாரி ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சடையண்ணன்தான் வழி சொன்னார். "பட்டாளத்துப் பழைய லாரி ஏலத்துல சல்லிசாக் கெடைக்குதுங்க அம்மிணி. முன்சக்கரமும் சேந்து இழுக்கும். ஆளுக்குப் பாதி போட்டு எடுத்துரலாம்." என் கணவர் தவறிய புதிது. பொம்பளைக்கு எதற்கு லாரி என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நானில்லை. வாங்கினோம்.

வந்து இறங்கியது லாரியா, வெறும் துருவா என்று சொல்ல முடியாது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி வேலை பார்த்தோம். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். நான் மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பேன். அழுகிப்போன தளத்துக்கு சில்வர் ஓக் பலகை அடித்தோம். பட்டாளத்துப் பச்சையில் நாம் வண்டி வைத்திருக்கக் கூடாது என்பதால் நான் நீலம் அடித்தேன். "பழைய வண்டி பொய் சொல்லாதுங்க அம்மிணி. எங்க வலிக்குதுன்னு சத்தம் போட்டுச் சொல்லிரும்" என்பார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த வருசம் முதல் மழைக்கு மண்பாதை ஏற்றத்தில் அவர் ஓட்டிப் பார்த்தார். வண்டி வழுக்கி வழுக்கி இறங்கியது. நான் ஏறி உட்கார்ந்து, முன்சக்கரத்தைச் சேர்க்கிற சின்ன லிவரைப் போட்டு, அவசரப்படாமல் ஒரே சீராக மிதித்தேன். ஏறிவிட்டது. டீக்கடையில் அவரை விடவில்லை. "அம்மிணி ஏத்துன வண்டிய ஏத்தத் தெரியலியா சடையா? மாடு புடிச்சுத் தரட்டுமா?" என்று கண்ட இடத்திலெல்லாம் ஓட்டினார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அதற்குப் பிறகு வண்டி என் கைக்கு ஏறவே இல்லை. லிவரைப் போட்டாலும் பின்சக்கரம் மட்டும் சுற்றிச் சேற்றை வாரி இறைக்கும். லிவர் லொடலொடவென்று ஆடுகிறதே என்று கேட்டேன். "வயசான வண்டிங்க, ஆடத்தான் செய்யும். வண்டி மேல குத்தமில்லீங்க, கை பழகோணும்" என்றார். அவர் ஓட்டினால் ஏறியது. ஓட்டுவதற்கு முன்னால் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்து வருவார். ஓட்டி முடித்ததும் மறுபடி புகுவார். கேட்டால், "கிரீஸ் பாக்கறேனுங்க" என்பார். தொழிலில் என்ன பக்தி என்று நான் வாயைப் பிளந்தேன்.

காப்பி பறித்துவிட்டு வந்த பெண்களை ஒருநாள் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போனேன். பாதியில் வண்டி நின்று பின்னோக்கி வழுக்கியது. பெண்கள் அலறிக் குதித்தார்கள். அவர்களில் வள்ளி என்பவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. சடையண்ணன் ஓடி வந்தார். அந்தச் சேற்றிலும் அடியில் புகுந்து வந்தார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், வண்டியை மேலே ஏற்றி நிறுத்தினார். "மனச உட்றாதீங்க அம்மிணி. நொம்பப் பேருக்கு இது கை வராதுங்க" என்றார். சாவியை அவரிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து இடது பக்கத்துச் சீட்டுதான் எனக்கு. வள்ளியின் கை சரியாகச் சேரவில்லை, தண்ணீர்க் குடம் தூக்க இன்றும் சிரமப்படுகிறாள். அவள் எதிரே வந்தால் நான் வேறு வழியாகப் போய்விடுவேன்.

காரியம் முடிந்தபின் அவர் மனைவி சரசக்கா என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார். "ஏனுங்க அம்மிணி, இது வண்டிச் சாமானுங்களா? அவரு அரைஞாண் கயித்துல தாயத்தோட கட்டியிருந்தாருங்க. படுக்கையில கெடந்தப்பக்கூடத் தொட உடல. எதோ மந்திரிச்சதுன்னு நெனச்சோம்." விரல் நீள இரும்புப் பின். உடம்பில் பட்டுத் தேய்ந்து பளபளத்தது. அதை ஒருகாலத்தில் மண்ணெண்ணெயில் கழுவியவள் நான். எனக்குத் தெரியாதா?

சாக்கை விரித்து நானே வண்டிக்கு அடியில் புகுந்தேன். முன்சக்கரத்தைச் சேர்க்கிற சின்ன லிவரிலிருந்து வருகிற கம்பி எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னைச் செருகினேன், பொருந்தியது. தான் ஓட்டும்போது போட்டுக்கொண்டு, எனக்குக் கொடுக்கும்போது கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார். என் கணவர் போன வீட்டில் என் கூட நின்ற மனிதர். அண்ணே அண்ணே என்று நான் வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர். டீக்கடைக் கேலிக்கு இவ்வளவா? படுபாவி என்று அங்கேயே படுத்துக்கொண்டு திட்டினேன். இதைப் படிக்கிறவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நேரே வள்ளி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஏறு என்றேன். கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்சீட்டில் ஏறினாள். மழை விட்டிருக்கவில்லை. லிவர் இறுக்கமாக விழுந்தது. முன்சக்கரம் மண்ணைப் பிடித்து இழுத்தது. நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தோம்.

"ஆசுபத்திரியில அவரு எம்பக்கத்துலயே உக்காந்து அழுதாருங்க" என்றாள் வள்ளி. "எங்கைக்காக அழுவறாருன்னு நெனச்சேனுங்க."

உன் கைக்காகத்தான் அழுதிருப்பார் என்றேன். அழத் தெரிந்த மனிதர் அன்றைக்கே அந்தப் பின்னைப் போட்டுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட அந்தப் பின் வேண்டும் என்று சரசக்கா சொல்லி அனுப்பினார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சடையண்ணன் நினைவாக நான் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அது வண்டிக்கு அடியில், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கழற்ற முடியாதபடி அதன் முனையைச் சுத்தியலால் அடித்து வளைத்துவிட்டேன்.