வெள்ளைத் துணியில் ஒன்பது ஸ்டிக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே வெளிச்சம்தான்.

யாரோ ஒரு வெளிநாட்டு ஓவியராம். பிரஷ் கிடையாது, பெயின்ட் கிடையாது. புரொஜெக்டரை வைத்தே படம் போடுகிறார். ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஹாலை இருட்டாக்கி, நம்ம திருப்பூர் பனியன் துணியையே கூரையிலிருந்து தரை வரைக்கும் திரை திரையாகத் தொங்கவிட்டு, அதற்குள் நம்மை நடக்க விடுகிறார்கள். தலைக்கு மேலே, காலுக்குக் கீழே, முதுகில்... எங்கு பார்த்தாலும் கலர்.

கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிற ஊரில் இதெல்லாம் தேவையா? எனக்குக் கடுப்புதான். ஆனால் பாஸ் ஓசி. அதுவும் என்னுடையது இல்லை – சரசக்காவுடையது. கம்பெனியில் ஆளுக்கு ரெண்டு கொடுத்தார்களாம்.

சரசக்கா எங்கள் காம்பவுண்டில் அடுத்த வீடு. பதினெட்டு வருஷமாக பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் ட்யூப்லைட்டுக்கு அடியில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட குட்டிச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அந்த வீடு நடப்பதே அக்காவின் கண்ணை நம்பித்தான். என் புடவையில் சாம்பார் சொட்டியிருந்தால் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். எரிச்சலாக வரும்.

முதல் அறை முழுக்க நீலம். "அம்மிணி, தண்ணிக்குள்ளாற நடக்கற மாதிரி இருக்குதுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி அறையில் படமே இல்லை. வெறும் வெள்ளைத் துணி, வெறும் வெள்ளை வெளிச்சம். எல்லோரும் சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி நின்றார்கள். நான் கொட்டாவி விட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, இந்தத் துணிய எவன் ஓகே பண்ணுனது? எண்ணெய்க் கறை பாருங்க!"

நான் பதில் சொல்வதற்குள், செக்கிங் ஸ்டிக்கர் எப்போதும் கிடக்கிற பர்ஸுக்குள் அக்காவின் கை போய்விட்டது. ஒரு ஸ்டிக்கர். தள்ளி இன்னொன்று. "இங்கயும் இருக்குதுங்க... அட கெரகமே, இங்கயும்!" ஒன்பது ஒட்டிவிட்டார்.

"லீவு நாள்லயும் செக்கிங்கா அக்கா?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் ஓடி வந்தாள். "மேடம், ப்ளீஸ், துணியைத் தொடாதீங்க!"

"கறையோட தொங்கவுட்டிருக்கறீங்களே கண்ணு... நம்மூருக்குத்தான கேவலம்?"

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எங்க மேடம் கறை?"

நானும் பார்த்தேன். ஒன்பது அம்புக்குறி. எந்த அம்பின் முனையிலும் ஒன்றுமே இல்லை.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. கறையா நிழலா என்று சந்தேகம் வந்தால் துணியை லேசாக இழுத்துப் பார்ப்பார்கள். கறை என்றால் துணியோடு வரும், நிழல் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். அக்கா துணியைப் பிடித்து இழுத்தார். ஸ்டிக்கர் எல்லாம் கூடவே நகர்ந்தது. கறை நகரவில்லை போலிருக்கிறது. அவர் முகம் மாறியதை வைத்துத்தான் சொல்கிறேன். இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். பிறகு வலது கண்ணை.

"தப்பு என்னுதுதான் கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஒன்பதையும் அவரே ஒவ்வொன்றாக உரித்தார்.

வெளியே படியில் உட்கார்ந்தோம். "கம்பெனியில ஒரு நாள்கூட இழுத்துப் பார்க்கலையா அக்கா?" என்றேன்.

"சந்தேகம் வந்தாத்தானுங்க இழுக்கறது? எங்கண்ணு மேல எனக்கு எப்பங்க சந்தேகம் வந்திருக்குது?"

யோசித்துப் பார்த்தால், நமக்கு மட்டும் வந்திருக்கிறதா என்ன?

அப்புறம்தான் கீதாவைப் பற்றிச் சொன்னார். தேனிப் பக்கத்துப் பெண்ணாம், டெய்லர். "அது தெச்ச பீஸ்லதாங்க வரிசையா எண்ணெய்க் கறைன்னு ஒட்டுனேன். 'எம் மிசின்ல எண்ணெய் ஒழுகலக்கா, நல்லாப் பாருங்க'ன்னு அழுவுச்சு. 'பதினெட்டு வருசமாப் பாக்கறேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா'ன்னு கேட்டனுங்க அம்மிணி... சூப்பர்வைசரு அன்னிக்கே அத வேலையவுட்டு நிறுத்திப்போட்டாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டிருங்கள், முதலில் கண்ணைக் காட்டுவோம், கம்பெனிக்குத் தெரிந்தால் உங்கள் வேலையும் போய்விடும் என்றேன். வாராவாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் நியாயம் சொல்கிற அதே வாய்தான்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு?" என்றார்.

திங்கட்கிழமை காலையில் நேராக சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டார். கீதா ஊருக்கே போய்விட்டாளாம், போன் நம்பரும் இல்லையாம். "நீங்க கண்ணைச் சரி பண்ணுங்கக்கா, சொல்லி அனுப்பறோம்" என்றாராம் அவர். பனியன் கம்பெனியில் சொல்லி அனுப்பி யாரும் திரும்ப வேலைக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரையாம். வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. லேசர் வைத்தால் மேலே பரவாமல் பார்க்கலாம், வந்தது போகுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்னொரு கண் தப்பிக்குமா, திரும்ப வேலைக்குப் போகலாமா என்று கேட்டதெல்லாம் நான்தான்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "இது எப்பருந்துங்க டாக்டர்?"

"கரெக்டா சொல்ல முடியாதும்மா. ஆறு மாசம் இருக்கலாம், ஒரு வருஷம்கூட இருக்கலாம்."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறினோம். அக்கா விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். மகள் படிப்பை நினைத்துத்தான் கலங்குகிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்தேன்.

"கீதாவுக்கு முன்னால தேவிங்க... அதுக்கும் முன்னால வெள்ளகோயில்லருந்து ஒரு புள்ள வந்துச்சு. அதையும் நாந்தானுங்க அனுப்புனேன்... அது பேரே எனக்கு நெனப்பு வரமாட்டேங்குதுங்களே அம்மிணி!"