ஜாங்கான் பாக்கு!

போன வாரம் எங்கள் வீட்டுக்கார நோன்யா, அதுதான் அந்தச் சீன அம்மாள், கையில் சுத்தியலோடு வந்து கதவைத் தட்டினாள். பயப்படாதீர்கள். சண்டை குடிவந்த அன்றே முடிந்துவிட்டது.

ஜோகூர் பாருவில் வாடகைக்கு அறை தேடியிருக்கிறீர்களா? நான் தேடினேன் — கர்ப்பிணி மனைவியோடு. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இதையாவது காப்பாற்ற வேண்டும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் லாபிஸ் தோட்டத்திலிருந்து அவளை அழைத்து வந்தேன். போன இடமெல்லாம் அவள் வயிற்றைப் பார்த்தார்கள்... அறை இல்லை என்றார்கள். குடியிருக்க வந்தவள் பிள்ளை பெற்றால் வீட்டுக்காரனுக்கு ஆகாதாம். மடையர்கள்!

இந்த நோன்யா மட்டும்தான் "மாசுக், மாசுக்" என்று உள்ளே கூப்பிட்டாள். துணிக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு சமையல் மூலை. போதாதா?

முருகன் படத்தை மாட்டச் சுவரில் ஆணியை வைத்தேன். வாயில் வெற்றிலை. சாவி கொடுக்க வந்த நோன்யா அலறினாள்.

"ஜாங்கான் பாக்கு! ஜாங்கான் பாக்கு, தம்பி!"

நான் கப்பலிறங்கி இரண்டு வருஷம்தான்; தோட்டத்தில் தமிழே போதும். ஜாங்கான் என்றால் வேண்டாம் — அதுவரை தெரியும். பாக்கு வேண்டாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் வாய், என் பாக்கு! உன் படியிலயா துப்பப் போறேன்?" என்று தமிழிலேயே கத்தினேன்.

மனைவி இங்கேயே பிறந்தவள்; தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என்னங்க! மலாய்ல பாக்குன்னா ஆணிங்க. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல ஆணி அடிச்சா வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம். அவங்க அழுவுறாங்க, நீங்க வேற..."

உண்மைதான். அழுதுகொண்டிருந்தாள். மற்றவர்கள் தங்கள் வீட்டுக்குப் பயந்தார்கள். இவள் என் பிள்ளைக்குப் பயந்தாள்!

அப்புறம் கயிறு கொண்டு வந்தாள். முருகன், விளக்கு, என் சட்டை — எல்லாம் உத்தரத்தில் தொங்கின. கீழே துணிக்கடைக்காரன் பலகை அடிக்கப் பார்த்தான். நோன்யா போட்ட சத்தத்தில் சுத்தியலை ஒளித்துவிட்டான்.

இந்த நம்பிக்கை மெய்யா, பொய்யா? எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லாமல், பிள்ளை அந்த அறையிலேயே பிறந்தது. வெந்நீர் போட்டவள் நோன்யா. பெண் குழந்தை. கத்துவதில் என்னைப் போல.

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த அன்றுதான் நோன்யா சுத்தியலோடு வந்தாள். இனி அடிக்கலாமாம். அடித்தேன். முருகன் ஒருவழியாகச் சுவருக்கு வந்தார். மனைவி வெற்றிலையோடு நம்ம பாக்கை வைத்து நீட்டினாள். நோன்யா நன்றாக மென்றாள். இறங்கும்போது படியிலேயே துப்பிவிட்டுப் போனாள்.

அவள் படி. துப்பட்டும்!