புரட்டாசியில் வரும் ரெட்ஃபின்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. செப்டம்பர் மாதத்து மெல்பர்ன் குளிர். மல்கிரேவில் என் வீட்டுப் பின்புறம், புல்தரையில் நான் குந்தியிருக்கிறேன். என் மனைவி கோமதி தோட்டத்து ஹோஸைப் பிடித்து என் தலையில் தண்ணீர் அடிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஆர் யூ ஓகே, மேட்?" என்கிறார்.

ஓகே இல்லைதான். ஆனால் எப்படி விளக்குவது? புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமாக மீன் பிடிக்கப் போனவன் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது — இதை எந்த இங்கிலீஷில் சொல்வது? "ஆல் குட்" என்று கையை ஆட்டினேன். பல் தந்தியடித்தது.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க சைவம். முட்டை போட்ட கேக் கூடக் கிடையாது. கோமதி இதில் ரொம்பக் கறார். பிறகு ஏன் போனேன்? யூட்டுக்காகப் போனேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு யூட்டைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக: இலங்கை மன்னார்க்காரர், கத்தோலிக்கர், வீடு வெரிபீயில். மல்கிரேவில் நான் வேலை பார்க்கும் அதே ஆபீசுக்காகத் தினமும் நகரத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குக் கார் ஓட்டி வந்தவர். என் மீன்பிடித் தோழர். பல வருடமாக இருவரும் ஏரி ஏரியாகச் சுற்றியிருக்கிறோம். சேர்ந்து பிடித்த மீன்? ஒன்றுகூட இல்லை. ஏரிக்கரையில் நாங்கள் பார்த்த ஒரே மீன், யூட்டின் மனைவி கட்டிக் கொடுக்கும் மீன் பணிஸ் என்கிற பன்னுக்குள் இருந்ததுதான்.

ஆகஸ்டில் யூட்டுக்குப் பெர்த்தில் வேலை கிடைத்தது. அக்டோபர் முதல் வாரமே குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு மீனாவது சேர்ந்து பிடிக்காமல் இந்த மனுஷரை அனுப்புவதா?

"டிசம்பர் லீவுக்கு இங்க வந்துருங்க யூட். எப்பவும் போல போவோம்," என்றேன்.

"டிசம்பர் வேண்டாம். இந்த முறை செப்டம்பரிலயே போவம். நீங்கள் தூண்டில் தொட வேண்டாம். பக்கத்தில நிண்டால் போதும்," என்றார்.

கோமதியிடம் சொன்னேன்.

"சாப்பிட்டாத்தான் பாவம்... பிடிச்சா பாவம் இல்லையா?"

நியாயமான கேள்வி. "அவர் போறாரும்மா," என்று மட்டும் சொன்னேன்.

அவள் யோசித்தாள். "போயிட்டு வாங்க. ஆனா மீன் வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது. குளிக்கிற வரைக்கும் நீங்களும்தான்."

நாங்கள் தேடியது ரெட்ஃபின். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், வயிற்றுப் பக்கம் சிவந்த துடுப்புகள், முதுகில் கையைக் கிழிக்கும் முள். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. செப்டம்பரில், அது முட்டையிடும் காலத்தில் பிடிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முரே காட் போன்ற உள்ளூர் மீனுக்கு விக்டோரியாவில் இந்தப் பருவத்தில் தடை உண்டு. ரெட்ஃபினுக்கு அந்தச் சலுகை இல்லை.

எங்களுக்கு ஏன் இத்தனை வருடம் ஒன்றும் மாட்டவில்லை? என் காலண்டரைப் பாருங்கள். புரட்டாசி முடியட்டும் என்று காத்திருப்பேன். உடனே தீபாவளி வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி விரதம். பிறகு ஆபீசில் வருடக் கடைசி நெருக்கடி. ஒருவழியாக டிசம்பரில், மண்டை பிளக்கும் வெயிலில், ஈ விரட்டிக்கொண்டு கரையில் நிற்போம். "இந்த ஏரியில மீனே இல்லை யூட்," என்பேன். "ஓம், ஓம்," என்பார்.

அந்தச் சனிக்கிழமை காலை வெரிபீக்குப் போய், யூட்டின் காரில் ஏறினேன். அவர் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் தூண்டில் சாமான் கடையில் மண்புழு வாங்க நிறுத்தினோம். கடைக்காரப் பெண்மணி யூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓ, அந்த ஃப்ரெண்ட் இவர்தானா?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். "ஒவ்வொரு செப்டம்பரும் இந்த ஆளிடம் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். இப்போது போ, இப்போதுதான் முட்டையிடக் கரைக்கு வரும் என்று. ஃப்ரெண்டுக்கு டிசம்பரில்தான் வசதி என்பார். டிசம்பரில் அந்தக் கரையில் என்ன இருக்கிறது? பாம்பு இருக்கிறது!"

யூட் அவசரமாகப் புழு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பல்லாரட் போகும் நெடுஞ்சாலை வந்ததும் கேட்டேன்.

"யூட், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"முதல் வருசமே."

"ஏன் சொல்லல?"

அவர் கண் ரோட்டிலேயே இருந்தது. "புரட்டாசியில நீங்கள் மச்சம் தொடமாட்டியள். விரதக்காரரை மீன் பிடிக்க வாங்கோ எண்டு எப்பிடிக் கூப்பிடுறது?"

"நீங்க மட்டும் போயிருக்கலாமே?"

"போனால் மீன் கிடைச்சிடும். பிறகு டிசம்பரில உங்களோட வர எனக்கு மனம் வராதெல்லோ."

கிடைக்காது என்று தெரிந்தே ஒருவர் எத்தனை டிசம்பர் என் பக்கத்தில் நின்றிருக்கிறார்! நான் ஏரியைத் திட்டியபோதெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டியிருக்கிறார்.

ஏரிக்குப் போனதும் மரப்பாலத்திலிருந்து தூண்டில் போட்டார். ஒன்றும் இல்லை. கோரைப்புல் பக்கம் போனோம். அங்கேயும் இல்லை. நண்பகல் தாண்டியது. இன்றும் வெறுங்கைதானா? பிடிக்கவே மாட்டேன் என்று சொல்லி வந்த எனக்குத்தான் பதற்றம் அதிகம். ஒரு மீன், பெருமாளே... என்று மனசுக்குள் கேட்டுவிட்டேன். புரட்டாசியில் யாரிடம் எதைக் கேட்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

குளிருக்குக் கால் மரத்துப்போய், வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கரையோரம் நடந்தேன். ஆழமில்லாத தண்ணீரில் ஒரு மரம் விழுந்து மூழ்கிக் கிடந்தது. அதன் கிளைகளில், வேகவைத்த ஜவ்வரிசியைச் சரமாகக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி என்னமோ ஆடியது.

"யூட், இங்க வாங்க! இது என்ன?"

அவர் ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "முட்டை! ரெட்ஃபின் முட்டை! சத்தம் போடாதேங்கோ."

சத்தம் போட்டது அவர்தான். கிளைகளுக்கு அருகில் புழுவை இறக்கி, தரை தொட்டதும் மெல்லத் தூக்கி, மறுபடி இறக்கினார். இரண்டு தடவை. மூன்றாவது தடவை தடியின் நுனி டக்கென்று வளைந்தது.

"வலை! வலை!"

தொட வேண்டாம் என்ற ஒப்பந்தமெல்லாம் காற்றில் போனது. கைவலையோடு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினேன். மீன் மரத்தடிக்கு ஓடப் பார்த்தது. முன்னால் போய் மறித்து அள்ளினேன். இரண்டு சாண் நீளம். சிவந்த துடுப்பு வெயிலில் மினுங்கியது. இடம் பார்த்தது நான், மாட்டியது அவர், அள்ளியது நான். சேர்ந்துதான் பிடித்தோம்! யூட்டும் இறங்கி வர, நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் நட்ட நடுத் தண்ணீரில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

ரெட்ஃபின் கூட்டமாக வரும் மீன். ஒன்று இருந்தால் பக்கத்தில் சொந்தபந்தமும் இருக்கும். வாளி நிறைந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

ஹோஸ் தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரப் பெண்மணி சொன்னது, காரில் யூட் சொன்னது... தண்ணீர் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். குழாயை மூடிவிட்டுத் துண்டை நீட்டினாள்.

"மீன் எங்க?"

"எல்லாம் யூட் வீட்டுலதான்."

"கராஜ்ல பழைய ஃப்ரிட்ஜ் சும்மாத்தானே கிடக்கு?"

"வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்னியே?"

"கராஜுக்கு ஏது வாசப்படி? அது ஷட்டர்."

கிளம்புவதற்கு முந்தின நாள் யூட் வந்து, சுத்தம் செய்து, துண்டு போட்டு, உறையவைத்த மீனை என் கராஜ் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார். பாதிதான் என்றார். திறந்து பார்த்தால் முக்கால்வாசி இருந்தது.

போன ஞாயிறு, ஐப்பசி பிறந்த பிறகு, பின்புறத்து பார்பிக்யூவில் மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தோம். வெள்ளைச் சதை, கவிச்சியே இல்லை. கோமதி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லாமல் என்னவோ போலிருந்தது. யூட்டுக்கு வீடியோ கால் போட்டுத் தட்டைக் காட்டினேன்.

"பெர்த்துல என்ன மீன் யூட்? எந்த மாசம் கரைக்கு வரும்?"

"இங்க எல்லா மாசமும் வரும். நீங்கள் விரதமெல்லாம் முடிச்சு ஆறுதலா வாங்கோ."

நான் நம்பவில்லை. டிக்கெட் போடுவதற்கு முன்னால், பெர்த்தில் ஒரு தூண்டில் கடைக்கு போன் போட்டு விசாரிக்கப் போகிறேன்.